முதல் சிறுகதையை எழுதி முடிப்பது எப்படி: கருவிலிருந்து கடைசித் திருத்தம் வரை

ஒரு பெரியவரின் காது கேட்கும் கருவி பழுதாகிவிட்டது. மகனிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மகனுக்கு நேரம் வாய்க்கவில்லை. மூன்றாவது வாரம் அவரே போய்ச் சரிசெய்துகொண்டு வந்தார். ஆனால் வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

இது கதையா? இன்னும் இல்லை. கேட்பவர் "அப்படியா" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இந்தச் செய்திக்கும் ஒரு சிறுகதைக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு முடிவுகள் காத்திருக்கின்றன. யார் சொல்வது, எங்கே தொடங்குவது, எதைக் காட்சியாக்குவது, எதை ஒரே வரியில் தாண்டுவது என்று. புதிதாக எழுதுபவர்கள் பலர் இவற்றைத் தீர்மானிப்பதே இல்லை. பேனா போகிற போக்கில் அவை தாமாகவே தீர்மானமாகிவிடுகின்றன. எழுதி முடித்த பிறகு ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றும். எங்கே என்று தெரியாது.

இந்த வழிகாட்டியில் அந்த முடிவுகளை, எழுதும்போது அவை எதிர்ப்படும் வரிசையில் எடுத்துக்கொள்கிறேன். இதே பெரியவரைக் கடைசிவரை உடன் அழைத்துப் போவோம். இலக்கு, சுமார் 2000 சொற்களில் ஒரு சிறுகதை. நாவல் ஆசை இருப்பவர்கள் இப்போதைக்கு அதைத் தள்ளிவைக்கலாம். முடிக்கப்பட்ட ஒரு சிறுகதை கற்றுத்தருவதை, பாதியில் நிற்கும் மூன்று நாவல்கள் கற்றுத்தருவதில்லை. அனுபவத்தில் சொல்கிறேன், அந்த மூன்றும் என் அலமாரியில்தான் இருக்கின்றன.

என் பிடிவாதம் ஒன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கதை சொல்லும் திறமை என்று நாம் பாராட்டுவதில் பெரும்பகுதி, உரிய நேரம் வரும்வரை சொல்லாமல் வைத்திருக்கும் திறமைதான். கீழே வரும் படிகள் எல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து சேரும்.

படி 1: கருவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், அதில் ஓர் 'ஆனால்' இருக்கட்டும்

"என்ன எழுதுகிறீர்கள்?" என்று கேட்டால், "முதுமையின் தனிமையைப் பற்றி" என்று சிலர் சொல்வார்கள். அது பொருள். பொருளை வைத்துக் கட்டுரை எழுதலாம். கதைக்கு வேண்டியது ஓர் ஆள், அந்த ஆளுக்கு ஒரு தேவை, குறுக்கே நிற்கும் ஏதோ ஒன்று. நம் பெரியவரை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

'வாழ்நாளெல்லாம் பிறர் எழுத்தில் பிழை திருத்திய ஒருவர், தனக்குக் காது கேட்கிறது என்பதை வீட்டாரிடம் மறைக்கப் பார்க்கிறார்; ஆனால் ஒரு பிழையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க அவரால் முடியாது.'

முதலில் வெறும் பெரியவராக இருந்தவர் இப்போது ஓய்வுபெற்ற பிழை திருத்துநர் ஆகிவிட்டார். தொழில் அழகுக்காக வரவில்லை. அவருடைய ரகசியத்தை உடைக்கப்போவதே அந்தத் தொழில் புத்திதான். 'ஆனால்' என்ற சொல்லுக்கு அந்தப் பக்கம் என்ன வரும் என்று யோசித்தபோதுதான் அவர் யார் என்பதே எனக்குத் தெரிந்தது.

அடுத்து, நிகழ்ச்சிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் எந்தச் சொல் வந்து உட்காருகிறது என்று பாருங்கள். எங்கும் 'பிறகு' மட்டுமே வந்தால் கதை இன்னும் அமையவில்லை. ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927-ல் சொன்ன உதாரணம் இன்றைக்கும் உதவும்: அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்பது நிகழ்ச்சிகளின் வரிசை, அரசன் இறந்தான், அந்தத் துயரத்தால் அரசி இறந்தாள் என்பது கதைப்பின்னல். 'பிறகு' இருக்கும் இடங்களில் 'அதனால்' அல்லது 'ஆனால்' வருமா என்று முயன்று பாருங்கள்.

கருவி சரியானது. *பிறகு* அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏன்? இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நிரப்பினேன்: வீட்டுக்கு வந்து நல்ல செய்தியைச் சொல்ல வாயெடுத்தார், *ஆனால்* அதற்குள் மகனும் மருமகளும் தன்னை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பற்றிப் பேசிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது, *அதனால்* வாயை மூடிக்கொண்டார். ஒரு மௌனத்துக்குக் காரணம் கிடைத்தவுடன் அது கதையாகிவிட்டது.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842-ல் எழுதிய ஒரு மதிப்புரையில், சிறுகதை ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியதாக, முழுவதும் ஒரே விளைவை நோக்கிப் போவதாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். இதை மீறி எழுதப்பட்ட நல்ல கதைகள் ஏராளம். ஆனாலும் முதல் கதைக்கு இது நல்ல வேலி. ஒரு வீடு, நான்கு பேர், சில நாட்கள் போதும்.

படி 2: பாத்திரத்தின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பாதீர்கள்

உயரம், நிறம், பிடித்த நிறம், பிறந்த நட்சத்திரம் என்று பட்டியல் போடச் சொல்லும் பயிற்சிகள் இருக்கின்றன. நேரம் நன்றாகப் போகும், கதை நகராது. நான் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்வேன். இந்த ஆளுக்கு என்ன வேண்டும்? எதற்குப் பயப்படுகிறார்? தன்னை அறியாமல் என்ன செய்கிறார்?

பெரியவருக்கு இந்த வீட்டில் இருக்க வேண்டும். கெஞ்ச நேர்ந்துவிடுமோ என்று பயம். செய்தித்தாள் கையில் கிடைத்தால் சிவப்புப் பென்சிலால் பிழைகளை வட்டமிடுவார். யாரும் கேட்கவில்லை, சம்பளமும் இல்லை. மூன்றாவது பதில்தான் பாத்திரத்துக்கு உயிர் கொடுப்பது. ஆசையையும் பயத்தையும் வாசகரிடம் நேரடியாகச் சொன்னால் நம்ப மாட்டார். பழக்கத்தைக் காட்டினால் மற்ற இரண்டையும் அவரே ஊகித்துக்கொள்வார்.

மகனையும் விட்டுவிடாதீர்கள். அவன் கெட்டவனாக இருந்தால் கதை அங்கேயே செத்தது. அவனுக்கும் ஒரு நியாயம் வேண்டும்: இரண்டு வேலை பார்க்கிறான், அப்பா ஒருமுறை அடுப்பை அணைக்க மறந்துவிட்டார், பகலில் வீட்டில் யாரும் இல்லை. இதில் பாதி கதைக்குள் வரவே வராது. ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1932-ல் பனிப்பாறையை உவமையாகச் சொன்னார்: எட்டில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே தெரிகிறது. பலரும் மறந்துவிடும் பின்பாதி ஒன்று அதற்கு உண்டு. தெரிந்தே சொல்லாமல் விட்டால்தான் அந்த இடம் கனக்கும்; தெரியாததால் விட்டால் வெறும் ஓட்டையாகத் தெரியும் என்றும் அவர் எச்சரித்தார்.

படி 3: யார் கண்ணால் பார்க்கிறோம்?

எல்லாப் படிகளிலும் இங்கேதான் அதிக நேரம் நிற்க வேண்டும். நோக்குநிலை என்றால் 'நான்' என்று எழுதுவதா, 'அவர்' என்று எழுதுவதா என்ற இலக்கணச் சிக்கல் என்று நினைக்கிறார்கள். வாசகருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைத் தீர்மானிக்கும் மதகு அது. ஒரே கணத்தை மூன்று விதமாக எழுதிப் பார்ப்போம்.

தன்மையில்:

*கதவைத் திறந்ததும் 'அப்பா' என்ற சொல் காதில் விழுந்தது. மூன்று வாரத்தில் நான் கேட்ட முதல் சொல். சாவியைப் பூட்டிலிருந்து உருவாமல் நின்றேன்.*

படர்க்கையில், பெரியவரின் தோளுக்குப் பின்னால் நின்று:

*சாவி பூட்டிலேயே இருந்தது. உள்ளே மகன் பேசிக்கொண்டிருந்தான். இவ்வளவு சத்தமாகவா பேசுவான் இவன்? கேட்காது என்கிற தைரியம்.*

படர்க்கையில், மகனின் பக்கமிருந்து:

*அப்பா எப்போது வந்து வாசலில் நின்றார் என்று அவன் கவனிக்கவில்லை. பார்த்த பிறகும் பேச்சை நிறுத்தவில்லை. கேட்காதவர்தானே.*

நிகழ்ச்சி ஒன்றுதான். மூன்றாவதில் வாசகருக்கும் ரகசியம் தெரியாது. கடைசியில் அது உடையும்போது திடுக்கிடுவார். முதல் இரண்டிலும் வாசகர் பெரியவரின் கூட்டாளியாகிவிடுகிறார். ஒவ்வொரு உரையாடலையும் எப்போது மாட்டிக்கொள்வாரோ என்ற பதைப்போடு கேட்கிறார்.

எது மேல்? திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக் இதற்கு ஒரு விளக்கம் தந்திருக்கிறார். இருவர் மேசையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. அதே குண்டை முன்பே காட்டிவிட்டு அவர்களை எதையாவது பேசவிட்டால் பதினைந்து நிமிடத் தவிப்பு. புதிதாக எழுதுபவர்களுக்கு முதல் வகைமீதுதான் மோகம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதிர்ச்சிக் கதை ஒருமுறை படிக்க நன்றாக இருக்கும். இரண்டாம் முறை படிக்க அதில் ஒன்றும் மிச்சமிருக்காது. அதனால் என் தேர்வு இரண்டாவது வடிவம். அதில் 'இவ்வளவு சத்தமாகவா பேசுவான் இவன்?' என்ற வரியைக் கவனியுங்கள். மேற்கோள் குறி இல்லை, 'என்று நினைத்தார்' இல்லை. ஆனாலும் அது அவருடைய குரல். கதைசொல்லியின் குரலுக்குள் பாத்திரத்தின் குரல் புகுந்துவிடுவது இது. பழகிவிட்டால் தன்மையின் நெருக்கமும் படர்க்கையின் சுதந்திரமும் ஒருசேரக் கிடைக்கும்.

தேர்ந்தெடுத்த பிறகு கட்டுப்பட வேண்டும். ஒரு காட்சிக்கு ஒரு தலைதான். 'பெரியவர் மனம் நொந்தார். மருமகளுக்கும் உள்ளூரக் குற்ற உணர்வு இருந்தது' என்று எழுதினால் வாசகர் ஒரு மண்டையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டியிருக்கிறது. பெரியவருக்கு அவள் உள்ளம் எப்படித் தெரியும்? தெரியக்கூடியதை எழுதுங்கள்: 'மருமகள் பதில் சொல்லவில்லை. மடித்துவைத்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.' கட்டுப்பாடு இருந்ததால்தான் அந்தத் துண்டு கிடைத்தது.

படி 4: தொடக்கம் எங்கே?

முதல் வரைவில் கதை பெரும்பாலும் இரண்டாவது பத்தியில்தான் தொடங்கியிருக்கும். முதல் பத்தியில் சூரியன் உதிக்கும், பறவைகள் கூவும், நாயகன் கண்விழித்துச் சோம்பல் முறிப்பான். எழுதுபவர் கை சூடேற்றிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். தவறில்லை, எழுதுங்கள், பிறகு அடித்துவிடுங்கள்.

நடந்த வரிசை வேறு, சொல்லும் வரிசை வேறு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்ய உருவவாதத் திறனாய்வாளர்கள் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயரே வைத்தார்கள். நமக்குப் பெயர் வேண்டாம், வழி போதும். நிகழ்ச்சி ஒவ்வொன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் பரப்புங்கள். கருவி பழுதானது, மகனிடம் சொன்னது, பழுதுபார்த்தது, பேச்சு காதில் விழுந்தது, மௌனம், பேத்தியின் அழுகை, ரகசியம் உடைந்தது. எதிலிருந்து தொடங்கினால் வாசகருக்கு உடனே ஒரு கேள்வி எழும்? எனக்கு அது சாவி பூட்டில் இருக்கும் கணம். அதற்கு முந்தைய மூன்று வாரத்தை இரண்டே வாக்கியத்தில் பின்னால் எங்காவது செருகிவிடலாம்.

நல்ல முதல் வரி பளபளக்க வேண்டியதில்லை. ஏதோ ஒன்று நிலை மாறிவிட்டது என்று தெரிவித்தால் போதும். 'கருவி சரியாகிவிட்ட செய்தியைச் சொல்லத்தான் அவர் கதவைத் திறந்தார்.' சாதாரண வாக்கியம்தான். ஆனால் 'சொல்லத்தான்' என்பதில் இருக்கும் 'தான்', அவர் சொல்லப்போவதில்லை என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. தமிழில் இப்படி ஓர் இடைச்சொல்லே கதையைத் தள்ளிவிடும்.

படி 5: காட்சி எது, தாண்ட வேண்டியது எது?

'காட்டு, சொல்லாதே' என்ற அறிவுரையைக் கேட்டிருப்பீர்கள். அளவுக்கு மீறிப் புகழப்பட்ட அறிவுரை அது. எல்லாவற்றையும் காட்டினால் 2000 சொல்லில் அவர் மாடிப்படி ஏறி முடித்திருக்க மாட்டார். யாரோ ஏதோ ஒன்றைத் தீர்மானிக்கும் இடம், யாருடைய நிலையோ மாறும் இடம், இவை காட்சி. மற்றவற்றை ஒரு வரியில் சொல்லித் தாண்டுங்கள். 'அதற்கடுத்த பத்து நாட்களும் அவர் செவிடராகவே இருந்தார்.' பத்து நாள் முடிந்தது.

காட்சிக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் நம் பழைய சொத்து. தொல்காப்பியம் கவிதைக்குரிய பொருளை முதல், கரு, உரி என்று பிரிக்கிறது. முதல் என்பது இடமும் பொழுதும்; கரு அந்த இடத்துக்குரிய உயிர்களும் பொருள்களும் தொழிலும்; உரி மனிதருக்குள் நடப்பது. காட்சியை எழுதி முடித்ததும் மூன்றையும் தேடுகிறேன். இடமும் பொழுதும் இல்லையென்றால் பாத்திரங்கள் வெள்ளைத் தாளில் மிதப்பார்கள். பொருள் இல்லையென்றால் கைகளுக்கு வேலையிருக்காது. உரி இல்லையென்றால் அந்தக் காட்சியே வேண்டாம். மூன்றும் தனித்தனியாக நிற்காமல் ஒன்றோடொன்று உரசுவதுதான் முக்கியம். பழைய கவிகளின் கையில் நிலமும் பறவையும் சொல்லப்படாத மனத்தைச் சொல்வது அப்படித்தான்.

என் முதல் வரைவில் இருந்தது இது:

*பெரியவர் மிகுந்த மனவேதனை அடைந்தார். சொந்த மகனே இப்படிப் பேசுகிறானே என்று அவர் உள்ளம் துடித்தது.*

திருத்திய பிறகு:

*மூன்றாம் பத்தியில் ஓர் ஒற்று மிகையாக இருந்தது. சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டார். அந்த வட்டத்தின் மேலேயே இன்னொரு வட்டம். பிறகு இன்னொன்று. தாள் கிழிந்தது.*

'வேதனை' என்ற சொல் எங்கும் இல்லை. அவர் கையில் ஏற்கெனவே இருந்த பொருள், அவருடைய பழக்கம், அது தன் அளவைத் தாண்டும் கணம் இவை மட்டும் இருக்கின்றன. உணர்ச்சியை எழுத வேண்டிய இடத்தில், அந்த ஆள் தினமும் செய்யும் ஒரு காரியத்தை எடுத்து அது இன்று எப்படிப் பிசகுகிறது என்று பாருங்கள். கண்ணீரும் பெருமூச்சும் எல்லாக் கதைகளுக்கும் பொது. இந்தக் கிழிந்த தாள் இவருக்கு மட்டும்தான்.

விவரங்களில் கஞ்சத்தனம் நல்லது. ஓர் அறைக்கு இரண்டு விவரம் போதும், அவற்றில் ஒன்று எதிர்பாராததாக இருந்தால் மிச்ச அறையை வாசகர் தன் செலவில் கட்டிக்கொள்வார்.

படி 6: உரையாடல்

தொடக்கக் கதைகளில் பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லிக்கொள்வார்கள், வாசகர் ஒட்டுக்கேட்கிறார் என்பதற்காக:

*"அடுத்த மாதம் உங்கள் அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போவதை நீங்கள் இன்னும் அவரிடம் சொல்லவில்லையே!"*

*"ஆமாம். 35 ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்துநராக வேலை பார்த்த அவர் இதை எப்படித் தாங்குவார் என்று பயமாக இருக்கிறது."*

எந்த வீட்டிலும் யாரும் இப்படிப் பேசுவதில்லை. இருவருக்கும் தெரிந்த விஷயத்தைச் சுற்றித்தான் பேச்சு போகும், அதன்மேல் போகாது:

*"அந்த அறைக்கு ஜன்னல் உண்டா?"*

*"உண்டு."*

*"பார்த்தீர்களா?"*

*"படத்தில் பார்த்தேன்."*

*மருமகள் பெரியவர் பக்கம் திரும்பினாள். அவர் தாளைப் புரட்டினார்.*

*"ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்."*

முதியோர் இல்லம் என்ற சொல்லே வரவில்லை. ஜன்னலைப் பற்றிக் கேட்பவளுக்கு மனம் உறுத்துகிறது என்பதும், அவன் அந்த இடத்துக்குப் போகவே இல்லை என்பதும் தெரிந்துவிடுகின்றன. வாசகர் ஒரு நிமிடம் குழம்புவாரே என்று பயப்படாதீர்கள். குழப்பம் தானாகத் தெளியும்போது கிடைக்கும் நிறைவுக்காகத்தான் அவர் படிக்கிறார்.

தமிழில் எழுதுபவருக்கு எல்லா மொழிகளிலும் கிடைக்காத ஒரு கருவி இருக்கிறது: விளிப்பும் மரியாதையும். கதை முழுக்க 'அப்பா' என்றே சொல்லிவரும் மகன், முதியோர் இல்லத்தின் விண்ணப்பப் படிவத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'அவர்' என்று சொன்னால், அந்த ஒரு சொல்லில் உறவு இரண்டடி விலகிவிட்டது. 'நீங்கள்' திடீரென 'நீ' ஆவதும், 'நீ' 'நீங்கள்' ஆவதும் கன்னத்தில் விழும் அறைக்குச் சமம். இதை விளக்கிக் கெடுக்காதீர்கள். காது உள்ளவர்களுக்குக் கேட்கும்.

கதைசொல்லி எழுத்து நடையிலும் பாத்திரங்கள் பேச்சு நடையிலும் இருப்பது பழகிய வழி. வட்டார வழக்கில் எழுதுவதென்றால் உங்கள் காதுக்கு நன்றாகத் தெரிந்த வழக்கை மட்டும் எழுதுங்கள். அரைகுறையாகக் கேட்ட வழக்கு ஒரே வரியில் காட்டிக்கொடுத்துவிடும். வழக்கு வேண்டாம் என்றால் வாக்கியங்களைக் குட்டையாக வைத்துப் பொது நடையிலேயே பேசவிடலாம், நான் இங்கே செய்திருப்பதுபோல. ஒரே பாத்திரம் ஒரு வரியில் ஏட்டுத்தமிழும் அடுத்த வரியில் தெருத்தமிழும் பேசுவதை மட்டும் தவிருங்கள். 'கர்ஜித்தான்', 'முணுமுணுத்தான்', 'வினவினாள்' என்றெல்லாம் தேட வேண்டாம். 'என்றான்' யார் கண்ணிலும் படாது. அதுதான் அதன் சிறப்பு.

படி 7: விதைத்துவிட்டு மறையுங்கள்

சுடும் எண்ணம் யாருக்கும் இல்லையென்றால் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை மேடையில் வைக்கக்கூடாது என்று ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1889-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். இதை மறுபக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும். கடைசியில் சுடப்போகிறீர்கள் என்றால் துப்பாக்கி முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும், ஆனால் வாசகர் அதை வேறு காரணத்துக்காகப் பார்த்திருக்க வேண்டும். சிவப்புப் பென்சில் முதலில் வரும்போது ஓய்வுபெற்றவரின் பொழுதுபோக்கு, இரண்டாம் முறை கிழிந்த தாள். மூன்றாம் முறை என்னவாகும் என்று வாசகர் கணக்குப் போட மாட்டார். முடிவு தெரிந்த பிறகு முன்பக்கங்களுக்குத் திரும்பிப் போய் விதைப்பதுதான் நடைமுறை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 8: முடிவு

என் முதல் மூன்று கதைகளிலும் யாராவது ஒருவர் இறந்துபோனார். ஒன்றில் இருவர். கதையை எப்படி முடிப்பது என்று தெரியாதபோது சாவு கைகொடுக்கும். கனவு, விபத்து, பத்தாண்டுக்கு முன் எழுதப்பட்ட கடிதம், திருந்திவிட்ட மகன் எல்லாம் அதே குடும்பம்.

முடிவு வெளியிலிருந்து வரக்கூடாது, பாத்திரத்திடமிருந்து வர வேண்டும். அரிஸ்டாட்டில் நாடகத்தைப் பற்றிப் பேசும்போது நிலை தலைகீழாவதும் உண்மை தெரியவருவதும் ஒரே கணத்தில் நிகழ்வதே சிறந்தது என்கிறார். நம் கதையில் அதற்கான வழி முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது: பிழையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாதவர். அப்படியானால் யாராவது அவர் முன்னால் ஒரு பிழை சொல்ல வேண்டும். பெரிய பிழையாக இருந்தால் செயற்கையாகத் தெரியும். சின்னப் பிழையாக, ஆனால் அவருக்கு மட்டும் பெரிதாக இருக்க வேண்டும்.

*பேத்தி நீச்சல் வகுப்புக்குப் போக மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாள்.*

*"போகாவிட்டால் போகட்டும்," என்றான் மகன். "உன் பாட்டிக்குக்கூட நீச்சல் தெரியாது."*

*"தெரியும்," என்றார் பெரியவர்.*

*பென்சில் தாளின் மேலேயே நின்றது.*

இந்த ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் காத்திருந்தேன். முதல் வரைவில் பெரியவர் மனைவி ஆற்றைக் கடந்த கதையை ஒரு பத்தி முழுக்கச் சொன்னார். அடுத்ததில் மகனைப் பார்த்து, "எனக்கு எல்லாம் கேட்டது" என்றார். இரண்டும் வெட்டப்பட்டன. 'தெரியும்' என்பதற்குத் தமிழில் எழுவாய் தேவையில்லை. பேத்தி காதில் பாட்டிக்கு நீச்சல் தெரியும் என்று விழும். மகன் காதில், எனக்கு எல்லாம் தெரியும் என்று விழும். பெரியவர் எதைச் சொன்னார்? அவருக்கே தெரிந்திருக்காது. கதை அங்கே நிற்கலாம். அவன் வருந்தினானா, இல்லத்துக்குப் போனாரா இல்லையா என்பதெல்லாம் வாசகரின் இரவுக்கு.

படி 9: திருத்தம்

முதல் வரைவை நிறுத்தாமல் எழுதி முடியுங்கள். நடுவில் மேலே போய் ஒற்றுப்பிழை பார்க்காதீர்கள். எழுதுபவரும் திருத்துபவரும் ஒரே நாற்காலியில் உட்கார முடியாது. முடித்ததும் இரண்டு வாரம் கண்ணில் படாமல் வையுங்கள். எடுக்கும்போது அது இன்னொருவர் எழுதியதுபோல் இருக்க வேண்டும்.

பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். 'மிகவும்', 'திடீரென்று', 'ஏதோ ஒரு விதமான', 'தன்னையறியாமல்' எங்கெல்லாம் வருகின்றன என்று தேடுங்கள். பத்தில் எட்டு இடங்களில் எடுத்துவிடலாம், வாக்கியம் நிமிர்ந்து நிற்கும். இறந்தகாலத்தில் போகும் கதை காரணமில்லாமல் நிகழ்காலத்துக்குத் தாவியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு காட்சியின் கடைசி வரியையும் மூடிவிட்டுப் படியுங்கள். பெரும்பாலும் அந்த வரி, முந்தைய வரி ஏற்கெனவே செய்துவிட்ட வேலையை விளக்கிக்கொண்டிருக்கும். ஒற்று, புணர்ச்சி, நிறுத்தக்குறி எல்லாம் கடைசிச் சுற்றில். வெட்டப்போகும் பத்திக்கு ஒற்றுப் போட்டு என்ன பயன்?

கதையை முதலில் படிப்பவரிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "நன்றாக இருக்கிறது" என்பார். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "எந்த இடத்தில் கைப்பேசியை எடுத்துப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். சொல்லும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்தைத் திருத்தும் முன், ஒரு பக்கம் பின்னால் போய்ப் பாருங்கள். அவருக்குச் சலிப்பு தட்டியது கோடு போட்ட இடத்தில். காத்திருக்க வைக்க வேண்டிய ஏதோ ஒன்றை நீங்கள் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டது பெரும்பாலும் அதற்கு முந்தைய பக்கத்தில்.